பிரேக் பிடிக்கவில்லை என்றேன்

வெலிங்டன்
26 ஏப்ரல் 1987

அன்புள்ள நோலீன்,

மே முதல் வரும் குளிர்காலத்துக்குக் காரை மூடி வைக்க இந்த வருடம் என்னால் கடல் தாண்டி நேஸ்பிக்கு வர முடியாது. ஆய்வகத்தில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் விடுப்புக் கேட்க மனமில்லை. நாம் அந்தக் காரைச் சேர்ந்து வாங்கிய பதினேழு வருடத்தில் முதல் முறையாக நீ தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. பாடி, டயர், துணி டாப்பு, எலி எல்லாம் எப்போதும் உன் பங்கு. அதில் நான் சொல்ல எதுவும் இல்லை. என் பங்கில் இருந்தவற்றை மட்டும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முக்கியமானவை இவை.

என்ஜின் ஆயிலை நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிடு. பழைய ஆயிலில் சேர்ந்திருக்கிற அமிலம் நான்கு மாதம் உள்ளே உட்காரக் கூடாது. பெட்ரோல் டாங்கை வாய்வரை நிரப்பு. கிளட்ச் பெடலை அமுக்கி, சீட்டுக்கும் அதற்கும் நடுவில் கட்டையால் முட்டுக் கொடு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதே, ஒட்டிக்கொள்ளும். பிரேக் ஆயிலைத் தொட வேண்டாம். சென்ற மே மாதம்தான் மாற்றினேன். ஸ்டியரிங்கில் கட்டியிருக்கிற அட்டையிலும் அது எழுதியிருக்கிறது.

இன்னொன்று. மோட்டார் சங்கத்திலிருந்து உனக்கு வந்த படிவத்தின் நகல் எனக்கும் வந்தது. மார்ச் 15 அன்று நடந்த விபத்துக்கு ஓட்டியவரின் தவறே காரணம் என்று ஒப்புக்கொண்டு, ஒரு சோதனை ஓட்டமும் ஓட்டிக் காட்டினால் அடுத்த சீசனில் உன்னை மலைப் பந்தயத்துக்குச் சேர்த்துக்கொள்வார்கள். ஜூலை 25 கூட்டத்துக்குள் வராவிட்டால் தடை. யாருக்கும் அடிபடவில்லை. டர்னிப் கிழங்கு வயல்காரருக்கு உடைந்த வேலிக்குப் பதில் புது வேலியும் போட்டுக் கொடுத்தாயிற்று. கையெழுத்தைப் போட்டுவிடு. சின்னத் தாள்தானே.

க்ளெனிஸ்


நேஸ்பி
3 மே

க்ளெனிஸ்,

உன் தாள் வந்தது. பதினொரு கட்டளை. கடவுளிடமிருந்து மோசேக்கே பத்துதான் கிடைத்தது.

மற்ற தாளைச் சின்னது என்கிறாய். அதில் இருப்பது என் பெயர். அதனால் உனக்குச் சின்னதாகத் தெரிகிறது.

கடைசியாக ஒரு தடவை எழுதுகிறேன். அன்றைக்கு எட்டு தடவை மலை ஏறி இறங்கினோம். எல்லாம் முடிந்து வண்டிகள் வரிசையாகத் திரும்பும்போது நமக்கு முன்னால் ஒரு குதிரை ட்ரெய்லர். அதன் வாலைப் பார்த்துக்கொண்டு நாலு மைல் பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். கடைசி வளைவில் பெடல் தரைக்குப் போய்விட்டது. மாடியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்து இருட்டில் கால் வைப்போமே, அந்த மாதிரி. "பிரேக் பிடிக்கல, கெட்டியா புடிச்சுக்க" என்றேன். நீ பக்கத்து சீட்டில் இருந்தாய். உனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

டிராக்டர் வந்து காரை வயலிலிருந்து இழுத்துப் போட நாற்பது நிமிஷம் ஆனது. அதன் பிறகு நீ ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தாய். கல் மாதிரி இருந்தது. அடிவாரத்து டீக் கூடாரத்துக்கு வந்து சங்கத்தார் முப்பது பேர் நடுவில் நீ சொன்னது இது: "பெடல்ல ஒரு கோளாறும் இல்ல. நோலீன், உனக்கும் அம்பத்திமூணு ஆச்சு. பதட்டத்துல பக்கத்துப் பெடலை மிதிச்சிருப்ப."

என் கையில் ஸ்கோன் ரொட்டி இருந்தது. அதை முழுசாகத் தின்று முடித்த பிறகுதான் வெளியே வந்தேன். பாதியில் எழுந்து போனாள் என்று எவரும் சொல்லக் கூடாது.

கையெழுத்துப் போட மாட்டேன்.

காரை மூடி வைக்கிறேன். அதில் பாதி என்னுடையது. ஆனால் என் இஷ்டப்படி வைப்பேன்.

நோலீன்


வெலிங்டன்
11 மே

அன்புள்ள நோலீன்,

நீ பொய் சொல்கிறாய் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நினைவு சாட்சியாகாது என்கிறேன். என் நினைவுக்கும் அதே விதிதான்.

நமக்குத் தெரிந்தவை இவ்வளவே. எந்தக் குழாயிலும் கசிவு இல்லை. பிரேக் ஆயில் மட்டம் குறையவில்லை. நான் மிதித்தபோது பெடல் உறுதியாக இருந்தது. சங்கத்தின் மெக்கானிக் மிதித்தபோதும் அப்படியே. பிப்ரவரியில் அதே மலையில் நான் மூன்று முறை இறங்கினேன், எதுவும் ஆகவில்லை. நாற்பது நிமிடத்தில் தானே கெட்டு, தானே சரியாகிற பிரேக்கை நான் கேள்விப்பட்டதில்லை.

நான் கண்டதைச் சொன்னேன். அதைச் சொல்ல டீக் கூடாரம் சரியான இடமில்லை என்றால், அதை ஒப்புக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரர் காலினிடம் ஒன்று சொல். சென்ற குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் ஷெட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் காரை ஸ்டார்ட் செய்து வைத்ததாகப் பெருமையாகச் சொன்னார். அது கெடுதல். என்ஜின் சூடாவதற்குள் அணைத்தால் சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும். ஓட்டினால் முப்பது கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். இல்லையென்றால் வசந்தம்வரை தொடக் கூடாது.

படிவத்தை மறுபடி யோசி.

க்ளெனிஸ்


நேஸ்பி
19 மே

க்ளெனிஸ்,

யோசித்தேன். யோசித்த பிறகு நீ தொடாதே என்ற ஒன்றைத் தொட்டேன்.

வேலையெல்லாம் முடிந்துவிட்டது. அடிப்பக்கம் கழுவி, ஈரம் போக இரண்டு நாள் விட்டு, மெழுகு போட்டேன். டாப்பை மடிக்காமல் தூக்கியே வைத்திருக்கிறேன், மடிப்பில் விரிசல் விழாமல் இருக்க. பேட்டரி துணி துவைக்கிற அறையில் பலகைமேல் இருக்கிறது. எலி நுழையாமல் சைலன்சர் வாயில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். கிளட்ச்சுக்கு முட்டுக்கட்டை. இதெல்லாம் ஆன பிறகு காலினைக் கூப்பிட்டு சீட்டில் உட்கார வைத்து, நான் சக்கரத்துக்கு அடியில் ஜாம் பாட்டிலோடு படுத்து, பிரேக் ஆயிலை வெளியே எடுத்தேன்.

"மிதி" என்றேன்.

"மிதிச்சாச்சு."

"விடு. மெதுவா விடுய்யா, ஆட்டை ஒதைக்கிற மாதிரி ஒதைக்காத."

"நான் எந்த ஆட்டையும் ஒதைச்சதில்ல. அதுங்க என்கிட்ட எதிர்த்துப் பேசாதுங்க."

பாட்டில் நிரம்பியதும் அவர் தலையை நீட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது பிரேக் ஆயிலா, சர்ச்சுல ஊத்துற டீயா?"

ஒரு வருஷம்தான் ஆன எண்ணெய் இப்படிக் கறுத்திருக்காது. புதிதாக ஊற்றலாம் என்று அலமாரிக்குப் போனேன். சென்ற மே மாதம் ரான்ஃபர்லி கடையில் நான் வாங்கி உன் கையில் கொடுத்த டின் அங்கே இருந்தது. சீல் உடையாமல் இருந்தது. அதன் பக்கத்தில் எண்பத்திரண்டில் சக்கர சிலிண்டர் மாற்றியபோது வாங்கிய பழைய டின். மூடி எப்போதோ தொலைந்துபோய், வாயில் பிளாஸ்டிக் பையைப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டியிருக்கிறது. அந்த முடிச்சு உன்னுடையது. பாதி டின் இருந்தது என்று எனக்கு நினைவு. நினைவு சாட்சியாகாது, சரி. இப்போது அடியில் ஒரு விரல் அளவு இருக்கிறது. அதற்கு என் நினைவு தேவையில்லை.

அட்டையில் உன் கையெழுத்தில் 'பிரேக் ஆயில் மாற்றியாயிற்று' என்று இருக்கிறது. மாற்றினாய். எதை ஊற்றி மாற்றினாய்?

உன்னை எனக்குப் புரியாமல் இல்லை. இந்தப் பக்கத்தில் பாதி டின்னைத் தூக்கிப் போடுகிறவளை நான் பார்த்ததில்லை. உன் அம்மா பரிசு சுற்றி வந்த தாளை இஸ்திரி போட்டு எடுத்து வைத்தவர். நானும் தூக்கிப் போட்டிருக்க மாட்டேன். ஆனால் நான் பதினெட்டு வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தவில்லை. பிரேக் ஆயில் திறந்து வைத்தால் காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கும் என்று எனக்குச் சொன்னதே நீ. தண்ணீர் கலந்த எண்ணெய் குறைந்த சூட்டிலேயே, அந்த நாலு மைல் இறக்கத்தில், கொதிக்கும். குழாயில் ஆவி நிற்கும். ஆவியை மிதித்தால் பெடல் தரைக்குப் போகும். ஆறினால் மறுபடி கல். ஆறுவதற்கு நாற்பது நிமிஷம் போதாதா?

சக்கரத்திலிருந்து எடுத்ததில் கொஞ்சம் இந்த வனிலா பாட்டிலில் அனுப்புகிறேன். உன் ஆய்வகத்தில் அடுப்பு இருக்கும். கொதிக்க வை.

நோலீன்


வெலிங்டன்
2 ஜூன்

அன்புள்ள நோலீன்,

பாட்டில் உடையாமல் வந்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே வேலை அதிகம்.

உன் விளக்கம் சாத்தியமானதுதான். சாத்தியம் என்பதால் நடந்தது என்று ஆகிவிடாது. வனிலா எசன்ஸில் பாதிக்குமேல் சாராயமும் தண்ணீரும். அந்தப் பாட்டிலில் வந்த எதைக் கொதிக்க வைத்தாலும் நீ விரும்புகிற விடைதான் வரும். இதை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது.

சென்ற மே மாதம் எந்த டின்னிலிருந்து ஊற்றினேன் என்பது எனக்கு நினைவில்லை. நாம் இருவரும் ஷெட்டில் இருந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. நீ ஏதோ பேசிக்கொண்டிருந்தாய்.

க்ளெனிஸ்


நேஸ்பி
9 ஜூன்

க்ளெனிஸ்,

ஓ, நான் பேசிக்கொண்டிருந்ததால்.

இந்தப் பெட்டியில் மூன்று பாட்டில் இருக்கிறது. வெந்நீரில் கொதிக்க வைத்து, அடுப்பில் காய வைத்த பாட்டில்கள். ஒன்றில் சக்கரத்திலிருந்து வந்தது. இரண்டாவதில் பழைய டின்னின் அடியில் இருந்தது. மூன்றாவதில் காலின் முன்னால் சீல் உடைத்த புது டின்னிலிருந்து எடுத்தது. மூன்றிலும் காலின் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "கல்யாண ரெஜிஸ்டர்ல போட்டதுக்கு அப்புறம் இப்பத்தான் இவ்வளவு பயந்து கையெழுத்து போடுறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கெவின் ட்ராட்டர் பேனாவோடு வந்தான். சங்கத்துச் செயலாளர் ஆன பிறகு அவன் பூட்ஸில் சேறு ஒட்டுவதில்லை.

"ஒரு கையெழுத்துதான் நோலீன். எல்லாரும் அதை மறந்தே போயிட்டாங்க."

"மறந்தாச்சுன்னா எதுக்குக் கையெழுத்து?"

"ஃபைல்ல வைக்கணும்ல."

"மறந்ததை ஃபைல்ல வைப்பீங்களா?"

"க்ளெனிஸே சொல்லிட்டாங்களே. அவங்க படிச்சவங்க, உங்க சிநேகிதி வேற. எங்களுக்கு மட்டும் ஆசையா?"

பார்த்தாயா. அந்தப் படிவம் உன் வாயில் பிறந்தது. அவர்களில் ஒருத்தன்கூட என்னைப் பற்றி அவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டான். பதினேழு வருஷத்தில் நான் எத்தனை பேரை அந்த மலையில் ஜெயித்தேன் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் உள்ளுக்குள் என்னை விலக்க ஆசை இருந்திருக்கும். கதவைத் திறந்து கொடுத்தது நீ.

அவன் போகும்போது காரின் உறையைத் தூக்கப் போனான். "தூங்குது, விடு" என்றேன்.

உன் பதினொன்றுக்குப் பிறகு வந்த பன்னிரண்டாவது கட்டளைக்கும் கீழ்ப்படிந்தேன். காலின் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்யாமல் இருக்க சாவியை மாவு டின்னில் போட்டுவிட்டேன்.

இந்தத் தடவை கொதிக்க வை.

நோலீன்


வெலிங்டன்
23 ஜூன்

நோலீன்,

மூன்றையும் இரண்டு நாள் தனித்தனியாகச் சோதித்தேன். எந்தப் பாட்டில் எது என்று சொல்லாமல் வேறொருவரையும் செய்யச் சொன்னேன், விடை மாறும் என்று நம்பி. மாறவில்லை.

புது டின்: 238 டிகிரியில் கொதித்தது.
பழைய டின்: 141.
சக்கரத்திலிருந்து எடுத்தது: 132.

அந்த இறக்கத்தில் சக்கர சிலிண்டர் 132ஐத் தாண்டும். எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் தாண்டும். பிப்ரவரியில் எனக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், நான் காலையில், காலியான ரோட்டில், பிரேக்கைத் தொடாமல் கியரில் இறங்கியது. அதை நான் என் திறமை என்று நினைத்திருந்தேன்.

நீ மாற்றி மிதிக்கவில்லை. பிரேக் பிடிக்கவில்லை. அது என் டின்னால்.

எந்த டின் என்று நினைவில்லை என்று எழுதினேன். நினைவிருக்கிறது. புது டின்னை எடுத்தேன், பழையதில் இவ்வளவு இருக்கிறதே என்று அதைத் திரும்ப வைத்துவிட்டுப் பழையதை ஊற்றினேன். ஒரு வருடத்துக்குத் தாங்கும் என்று தோன்றியது. எதையும் சோதிக்காமல் நம்பக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அன்றைக்கு எதையும் சோதிக்கவில்லை. டீக் கூடாரத்தில் அந்த டின் என் நினைவுக்கு வரவில்லை, இது உண்மை. வந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது.

கெவினுக்கு இன்றே முழு அறிக்கை எழுதி அனுப்புகிறேன். சங்கத்திலிருந்து விலகுவதாகவும் எழுதுகிறேன்.

க்ளெனிஸ்


நேஸ்பி
30 ஜூன்

க்ளெனிஸ்,

கடிதத்தைக் கதவோரம் நின்றபடியே படித்தேன். பிறகு போய் ஆடுகளுக்குத் தீனி போட்டேன். வந்து மறுபடி படித்தேன்.

அறிக்கையை அனுப்பாதே. அனுப்பிவிட்டாய் என்றால் திருப்பி வாங்கு. கெவின் அதை எப்படிப் படிப்பான் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தின் கடைசியில், நாற்காலிகளை மடிக்கிற சத்தத்தில், 'க்ளெனிஸ் மியூர்ஹெட்டிடமிருந்து ஒரு தொழில்நுட்பக் குறிப்பு' என்று படித்து முடிப்பான். 132 டிகிரி என்றால் அங்கே பாதிப் பேருக்குக் கேக் சுடுகிற சூடா குளிக்கிற சூடா என்றே தெரியாது.

நீ என்னைப் பற்றிச் சொன்னது வாயால், நின்றபடி, முப்பது பேர் முன்னால். திருப்பிச் சொல்வதும் அப்படித்தான். ஜூலை 25, சனிக்கிழமை, ஊர் மன்றத்தில் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டமும் விருந்தும். வா. நில். சொல்.

விலகுவதா? எனக்குத் தண்டனை கொடுத்த கையோடு உனக்கும் நீயே தண்டனை கொடுத்துக்கொண்டு நல்லவளாகப் போய்விடலாம் என்று பார்க்கிறாயா? அதெல்லாம் நடக்காது.

நோலீன்


வெலிங்டன்
10 ஜூலை

அன்புள்ள நோலீன்,

அறிக்கையை அனுப்பவில்லை.

வர முடியுமா என்று தெரியவில்லை. விடுப்பு ஒரு காரணம், படகும் ரயிலும் ஒரு காரணம் என்று எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்தேன். பயமாக இருக்கிறது. வகுப்பில் ஒரு பையன் என் கணக்கில் தவறு கண்டுபிடித்தால்கூட, மறுநாள் அதையே ஒரு பாடமாக மாற்றி, நான் வேண்டுமென்றே செய்ததுபோல நடத்தியிருக்கிறேன். தவறு என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியாது.

நீயே என் கடிதத்தைப் படித்துக் காட்டலாமே. முழு அனுமதி தருகிறேன்.

க்ளெனிஸ்


நேஸ்பி
16 ஜூலை

க்ளெனிஸ்,

அது எனக்கு எழுதிய கடிதம். அவர்களுக்குக் காட்ட மாட்டேன்.

பயம் இருக்கிறவள் வந்தால்தான் அதற்கு மதிப்பு. ஏழு மணி. ஆட்டு ரோஸ்ட். ரோடெல்லாம் உறைபனி, அதனால் ரான்ஃபர்லியிலிருந்து காலின் கூட்டி வருவார். அவரிடம் பேச்சுக் கொடுக்காதே, அவருக்கு உன்மேல் என்னைவிடக் கோபம்.

நோலீன்


வெலிங்டன்
30 ஜூலை

அன்புள்ள நோலீன்,

நேற்று மாலை வந்து சேர்ந்தேன். ஐந்து நாளாகியும் என் கோபம் ஆறவில்லை. அது எனக்குப் புதிது, அதனால் எழுதுகிறேன்.

நான் பேசியது நான்கே வாக்கியம். ரயிலில் எண்ணிப் பார்த்தேன். 'மார்ச் மாதம் நோலீன் சொன்னது உண்மை. பிரேக் பிடிக்கவில்லை. கெட்டுப்போன எண்ணெயை ஊற்றியது நான். அவளைப் பற்றி நான் சொன்னது தவறு.' உட்கார்ந்ததும் காலின் கிரேவியை என் பக்கம் தள்ளினார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கெவின் எழுந்து, "ரொம்ப நல்லது, மனசாரச் சொன்னாங்க. அப்ப கையெழுத்து வேண்டாம். ஆனா அறிவிச்சது அறிவிச்சதுதான், நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. நோலீன் அந்தச் சோதனை ஓட்டத்தை மட்டும் ஓட்டிக் காட்டட்டும்" என்றார். முப்பது பேரில் ஐந்து கைதான் எதிர்த்து எழுந்தது, ஓட்டாவிட்டால் தடை என்று முடிவானது. நீ, "நான் எதையும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்ல கெவின், உங்க எல்லாருக்கும் முதுகைத்தான் காட்டிட்டு இருந்தேன் இத்தனை வருஷமா" என்றாய். பிறகு புட்டிங்கைத் தின்று முடித்தாய்.

செய்யாத தவறுக்குச் சோதனை எதற்கு? தேசியச் சங்கத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். சோதனை விவரம், மூன்று மாதிரி, இரண்டாம் ஆளின் உறுதிமொழி எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஒன்பது பக்கம் வருகிறது. சொல், அனுப்புகிறேன். அவர்களை விடக் கூடாது.

க்ளெனிஸ்


நேஸ்பி
9 ஆகஸ்ட்

க்ளெனிஸ்,

ஒன்பது பக்கத்தையும் நீயே வைத்துக்கொள். மேல்முறையீடு என்றால் இன்னொரு கெவினிடம் போய் என்னை ஓட்ட விடு என்று கேட்பது. நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

நீ அன்றைக்கு எழுந்து நின்றபோது நான் உன்னைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தேன். பார்த்திருந்தால் பாதியில் உட்கார் என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை.

இப்போது கேள். அந்த மலை ரோடு சங்கத்துடையது இல்லை. ஊர் கவுன்சில் போட்ட பொது ரோடு. அவர்கள் வருஷத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை அனுமதி வாங்கி மூடுகிறார்கள். மற்ற நாளெல்லாம் லைசென்ஸ் வைத்திருக்கிற எவளும் போகலாம். என் லைசென்ஸை எவனும் தொடவில்லை. அதுவும் சங்கம் கொடுத்தது இல்லை.

சீசனின் முதல் ஞாயிறு செப்டம்பர் 20. இரண்டு மணிக்கு ரோட்டைத் திறப்பார்கள். எல்லாரும் அடிவாரத்துக் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நாம் ரெண்டு மணி அஞ்சு நிமிஷத்துக்கு மலை ஏறுவோம். டாப்பை இறக்கிவிட்டு. எட்டு தடவை. வேக வரம்புக்கு ஒரு மைல்கூட மேலே போகாமல், ஒவ்வொரு தடவையும் அந்தக் கூடாரத்து வாசல் வழியாக, அவர்கள் டீ ஆறுகிற வரைக்கும்.

கட்டையை எடுப்பது, பேட்டரி மாட்டுவது, கம்பி நாரை உருவுவது எல்லாம் நான் செய்து வைக்கிறேன். புது எண்ணெய் ஊற்றி பிரேக்கில் காற்று எடுக்கிற வேலை உன்னுடையது. முதல் நாளே வந்து சக்கரத்துக்கு அடியில் படு. நான் பெடலில் இருப்பேன்.

ஓட்டுவது நான். எட்டு தடவையும். நீ பக்கத்து சீட்டில் உட்காருவாய், நான் கடைசி வளைவுக்கு வரும்போது கதவைப் பிடிக்க மாட்டாய்.

நோலீன்